மேல்வரிசையில் அமர்ந்திருந்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழாவைப் பற்றித் தாங்கள் எழுதிய குறிப்பைப் படித்த பிறகு அந்நிகழ்ச்சியைத் தேடிப் பார்த்தேன். மைக்கேல் ஜாக்சன் பின்னோக்கி வழுக்கிச் செல்லும் அந்தச் சில நொடிகள் இன்றும் மெய்சிலிர்க்க வைக்கின்றன. இத்தகைய விழாவைத் 'தீராக் கடன் உள்ள விழா' என்று ஏன் எழுதினீர்கள்? யாருக்குப் பட்ட கடன் அது?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தங்களை மெய்சிலிர்க்க வைத்த அந்த நடனம் என்னையும் ஆட்கொண்டதுதான். 1983 மார்ச் 25 அன்று கலிபோர்னியாவின் பசடீனா நகர அரங்கில் படமாக்கப்பட்டு, மே 16 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அந்நிகழ்ச்சியை ஏறத்தாழ 4.7 கோடி பேர் பார்த்தார்கள். ஆனால் ஜாக்சன் தனியாக நின்று ஆடிய 'பில்லி ஜீன்' மோடவுன் வெளியிட்ட பாடல் அல்ல. அதைப் பாட இடம் தந்தால் மட்டுமே வருவேன் என்று கேட்டுப் பெற்றுத்தான் அவர் மேடை ஏறினார். அதாவது, மோடவுனின் விழாவில் நாம் அனைவரும் நினைவில் வைத்திருக்கும் பாடல் மோடவுனின் பாடலே இல்லை.

அப்படியானால் மோடவுனின் இசை எது? பெர்ரி கோர்டி தம் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் பெற்று 1959இல் நிறுவனத்தைத் தொடங்கினார். டெட்ராய்ட் நகரின் வெஸ்ட் கிராண்ட் புலவார்டு சாலையில் வாங்கிய ஒரு சாதாரண வீடு அலுவலகமாயிற்று; அதன் வாகனக் கொட்டகை ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. 'பாம்புக் குழி' என்று இசைக்கலைஞர்கள் அழைத்த அந்தச் சிறிய அறையில், பாடகர்கள் மாறிக்கொண்டே இருக்க, வாசித்தவர்கள் பெரும்பாலும் அதே குழுவினர்தாம். அவர்களை ஃபங்க் பிரதர்ஸ் என்பார்கள். பாடகி டயானா ராஸ் பாடினாலும் டெம்ப்டேஷன்ஸ் குழுவினர் பாடினாலும், கேட்டவுடன் இது மோடவுன் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே, அந்த அடையாளம் இவர்களுடைய கைகளில் இருந்தது.

அவர்களுள் ஜேம்ஸ் ஜேமர்சனை நான் தனித்துச் சொல்ல வேண்டும். ஜாஸ் மேடைகளில் நிறுத்தி வாசிக்கும், தாழ்ந்த சுரங்களைத் தரும் பெரிய பேஸ் வாத்தியத்தில் தேர்ந்து, பிறகு பேஸ் கிட்டாருக்கு வந்தவர். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினால் மட்டுமே தந்திகளை மீட்டியவர். அதுவரை பாட்டுக்கு அடித்தளமாக ஒற்றைச் சுரத்தைத் தட்டிக்கொண்டிருந்த பேஸ், அவரிடம் பாடகரின் குரலுக்குக் கீழே ஓடும் இரண்டாவது மெட்டாகவே ஆயிற்று. ஆனால் 1971இல் மோடவுன் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டு வெளிவரும் வரை, மோடவுன் இசைத்தட்டு உறைகளில் இக்கலைஞர்களின் பெயர்கள் பொதுவாக அச்சிடப்படவில்லை. அதற்கு மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. ஜேமர்சனும் பின்தொடர்ந்து சென்றார், ஆனால் அங்கே அவருக்கு வேலை குறைந்துகொண்டே போயிற்று.

1983 விழாவுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை என்றும், காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி மேல்வரிசையில் அமர்ந்து பார்த்தார் என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மார்வின் கேயின் பகுதியை என்னால் முன்பு போல் பார்க்க முடியவில்லை. விழாவின் உச்சம் என்று நான் கருதுவது அதைத்தான். பியானோவின் முன் அமர்ந்து, மெல்ல வாசித்துக்கொண்டே கறுப்பின மக்களின் இசை வரலாற்றைத் தணிந்த குரலில் சொல்லி, பிறகு எழுந்து நின்று 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாடுகிறார். மிகுந்த கண்ணியம் கொண்ட நிமிடங்கள் அவை. ஆனால் அந்தப் பாட்டின் மூல ஒலிப்பதிவில் பேஸ் வாசித்தவர் அதே அரங்கின் மேல்வரிசையில், கட்டணம் செலுத்திய பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். மேடையில் இருந்த எவரும் அவரைச் சுட்டிக்காட்டவில்லை. பாடகருக்குச் சால்வை போர்த்திவிட்டுப் பக்கவாத்தியக்காரரை வாசலில் நிறுத்துவதை ஒரு சிறு கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள இயலவில்லை. நான் சொன்ன கடன் இவருக்கும் இவருடைய தோழர்களுக்கும் பட்டது.

நிகழ்ச்சி ஒளிபரப்பாகி மூன்று மாதங்கள் கூட நிறைவதற்குள், 1983 ஆகஸ்ட் 2 அன்று, 47ஆம் வயதில் ஜேமர்சன் இறந்தார். மறு ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மார்வின் கேயும் தம் தந்தையால் சுடப்பட்டு மறைந்தார்.

தாங்கள் அந்த 1971 இசைத்தட்டை ஒருமுறை காதொலிப்பான் அணிந்து கேளுங்கள். முதலில் குரலை விட்டுவிட்டு, அதற்குக் கீழே நடப்பதை மட்டும் பின்தொடருங்கள்.

அன்புடன்.