வரைபடத்தில் பச்சை என்றால் வீடு கட்டலாமா?

கேள்வி: நகரம் வளர்ந்து மலையடிவாரம் வரை வந்துவிட்டது. நாங்கள் பார்த்திருக்கும் மனை, நிலச்சரிவு வாய்ப்பு வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த வரைபடம் பெரும்பாலும் மண் எங்கே சரியத் தொடங்கும் என்பதைத்தான் காட்டும்; சரிந்த மண் எங்கே போய் நிற்கும் என்பதைக் காட்டாது. அடிவாரத்தில் வீடு கட்டுகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். 2014 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஓசோ என்ற இடத்தில் சரிந்த மண் ஆற்றையே தாண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சமதளத்தில் இருந்த குடியிருப்பை மூடியது. 43 பேர் இறந்தார்கள்.

அதனால் மனையை மட்டும் பார்க்காமல் தலையை நிமிர்த்தி மேலேயும் பாருங்கள். மலையிலிருந்து ஓடை இறங்கி வெளியே வரும் இடத்தில் நிலம் விசிறி மாதிரி விரிந்திருந்தால், அது பழைய சேற்று வெள்ளங்கள் கொட்டிவிட்டுப் போன மண்ணாக இருக்கலாம். அங்கே குழி தோண்டும்போது சேறும் பெரிய பாறாங்கற்களும் ஒன்றாகக் கலந்து வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஓடை பல வருடமாக வறண்டு கிடக்கிறது என்பதில் ஆறுதலே இல்லை. லேசான சரிவு, நல்ல காட்சி என்று இந்த மாதிரி இடங்கள்தான் சீக்கிரம் மனையாகிவிடுகின்றன, அதுதான் எனக்கு வேதனை.

கேள்வி: இந்த வரைபடத்தை எப்படித் தயாரிக்கிறார்கள்?

பதில்: முதலில் ஏற்கெனவே சரிந்த இடங்களைச் செயற்கைக்கோள் படங்களிலும் நேரில் நடந்தும் குறிக்கிறார்கள். அப்புறம் அங்கெல்லாம் சரிவின் கோணம், பாறை, மண், சாலைக்கும் ஓடைக்கும் உள்ள தூரம் எப்படி இருந்தன என்று கணக்கிட்டு, அதே சேர்க்கை வேறு எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு அடிக்கிறார்கள். குறித்ததில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைத்து, வரைபடம் அவற்றைச் சரியாகப் பிடிக்கிறதா என்று சோதிப்பதும் உண்டு.

எனக்குக் கணக்கின் மேல் அவ்வளவு கவலை இல்லை, முதலில் குறித்த அந்தச் சரிந்த இடங்களின் பட்டியலின் மேல்தான். சாலையோரம் சரிந்தால் உடனே பதிவாகும், காட்டுக்குள் சரிந்ததை மரங்கள் வளர்ந்து மூடிவிடும். விளைவு, சாலையோரம் ஒரேயடியாகச் சிவப்பு, யாரும் போகாத மலைமுகம் பச்சை. இன்னொன்று, பல வரைபடங்கள் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் போடப்படுகின்றன. போன வருடம் உங்கள் மனைக்குப் பின்னால் இயந்திரம் வைத்து 5 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டியிருந்தால் அந்தக் கட்டத்தின் சராசரியில் அது காணாமலே போய்விடும். வரைபடத்துக்கு அடிப்படையான உயரத் தரவு எந்த ஆண்டினது என்று கேளுங்கள், அதற்குப் பிறகு வந்த சாலையும் வெட்டும் அதில் இருக்காது.

கேள்வி: மரம் நட்டால் போதுமா?

பதில்: போதாது. வேர் மேல்மண்ணைப் பிடிக்கும், ஆழத்தில் நகர்வதைப் பிடிக்காது. தண்ணீருக்கு வழி விடுங்கள். தடுப்புச் சுவரின் துளைகள் அடைபட்டால் பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளும். கழிவுநீரைச் சரிவுக்குள் இறக்கவே கூடாது. தரையில் புது விரிசல், இறுகிக்கொள்ளும் கதவு, சாயும் கம்பம், திடீரென்று கலங்கும் ஊற்று, இதில் எதைக் கண்டாலும் மழை விடட்டும் என்று காத்திருக்காமல் வெளியேறுங்கள். ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்குப் போங்கள்.