போட் பேட்டரி ஏன் சீக்கிரம் சாவுது? காசிமேட்டுக் கேள்விகளும் பதில்களும்

12 வோல்ட் ஆசிட் பேட்டரி பத்தி எது வேணா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். இன்ஜின் வேலை நமக்கு வராது.

காசிமேடு: அண்ணே, ஃபைபர் போட்டுல 75 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி. ரெண்டு 10 வாட் எல்இடி, ஜிபிஎஸ், வயர்லெஸ். சாயங்காலம் போனா விடியத்தான் வர்றோம். வாங்கி ஆறு மாசம் ஆகல, நடு ராத்திரியிலயே லைட் மங்குது. கடையில 150 வாங்கச் சொல்றாங்க.

பதில்: 150 வாங்கினா இதே தொல்லை கொஞ்சம் தள்ளி வரும், அவ்ளோதான். கணக்குப் போடுவோம். ரெண்டு லைட்டும் சேர்ந்து 1.7 ஆம்பியர். ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் சேர்த்தா மொத்தம் 3 வரும்னு வைங்க. பத்து மணி நேரத்துக்கு 30 ஏஎச். 75-ல இது பாதி கூட இல்ல, பேட்டரி தாங்கணும்.

கரைக்கு வந்தப்புறம் என்ன பண்றீங்க? மீனை ஏலத்துல போட்டு, வலையைச் சரி பண்ற நேரத்துல 5 ஆம்பியர் சார்ஜரை மூணு மணி நேரம் மாட்டினா 15 ஏஎச் ஏறும். மீதி 15 கடன். ஆசிட் பேட்டரியில 30 எடுத்தா 35 திருப்பிக் குடுக்கணும், அதனால கடன் இன்னும் கூடும். அரைகுறை சார்ஜுலயே கிடக்கிற பிளேட்டுல சல்ஃபேட் இறுகிப் படிஞ்சிடும். அப்புறம் எவ்ளோ ஏத்தினாலும் பழைய கொள்ளளவு வராது.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. சார்ஜரைக் கழட்டி, எந்த லைட்டும் எரியாம சில மணி நேரம் விட்டுப் பாருங்க. 12.6 வோல்ட்டுக்கு மேல இருந்தா ஃபுல். 12.2 பாதி. 12-க்குக் கீழ இறக்கவே இறக்காதீங்க.

திருவொற்றியூர்: 50 வாட் சோலார் போதுமா தல?

பதில்: மேல சொன்ன லோடுக்குப் போதாது. 100 வாட் பேனல் நல்ல வெயில் நாள்ல 25 ஏஎச் பக்கம் குடுக்கும், 150 வாட் இருந்தா நிம்மதி. கன்ட்ரோலர் (சார்ஜ் அளவுக்கு மேல ஏறாம பார்த்துக்கிற பெட்டி) இல்லாம நேரா மாட்டினா ஆசிட் கொதிச்சுத் தண்ணி வத்திடும். கொடிக்கம்பு நிழல் பேனல்ல ஒரு ஓரமா விழுந்தாக்கூட வரத்து சட்டுனு குறையும். உப்பையும் துடைக்கணும், எண்ணூர்ப் பக்கம்னா அனல்மின் நிலையச் சாம்பலையும் சேர்த்து. ஐப்பசி, கார்த்திகையில சோலாரை மட்டும் நம்பிப் போகாதீங்க.

ராயபுரம்: டெர்மினல் வாராவாரம் பூத்துப் போகுது.

பதில்: மைனஸை முதல்ல கழட்டுங்க. மூடியெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பார்த்துட்டு, ஆப்பசோடா கலந்த வெந்நீர்ல பிரஷ் போட்டுக் கழுவி, நல்லாக் காயவிட்டு மாட்டுங்க. நட்டை முறுக்கின அப்புறம்தான் மேல வேசலின்.

எண்ணூர்: டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோனா கேன் தண்ணி ஊத்தலாமா? பேட்டரிக்குள்ள கடல் தண்ணி போனா என்ன ஆகும்?

பதில்: கேன் தண்ணியில உப்புச்சத்து இருக்கு, வேணாம். கடல் தண்ணி ஆசிட்டோட சேர்ந்தா சார்ஜ் ஏறும்போது குளோரின் கேஸ் வரும், மூச்சடைக்கும். நெடி அடிச்சா பேட்டரி மேல மூடியிருக்கிற பலகையைத் திறந்துவிட்டு, காத்து வர்ற பக்கமா தள்ளி நில்லுங்க.

புது வண்ணாரப்பேட்டை: லித்தியம் போடலாமா?

பதில்: சார்ஜர், கன்ட்ரோலர் ரெண்டுலயும் லித்தியம் செட்டிங் இருந்தா போடலாம்.

காசிமேடு: அண்ணா, எங்க வீட்டுக்காரரோட லாஞ்ச் தடைக்காலத்துல, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், கட்டியே கிடக்கும். பேட்டரி ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்துட்டோம். தரையில வச்சா சார்ஜ் இறங்கும்னு மாமியார் சொல்றாங்க.

பதில்: அது பழைய ரப்பர் பெட்டி காலத்துப் பேச்சும்மா, இப்போ பிளாஸ்டிக் பெட்டி, தரையில தாராளமா வைக்கலாம். கத்திரி வெயில்ல எங்க வச்சாலும் தானா கொஞ்சம் இறங்கும். அதனால வைக்கும்போதே ஃபுல் சார்ஜ் ஏத்தி, மாசம் ஒரு தடவை திரும்ப ஏத்திடுங்க. சமையல் ரூம்ல மட்டும் வச்சு ஏத்தாதீங்க: சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும், அடுப்புப் பொறி பட்டா பெட்டியே வெடிக்கும். திண்ணையில நிழலா ஒரு இடம் பாருங்க, புள்ளைங்க கை எட்டாம.