பாறையிலேயே இருக்கட்டும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் வேட்டையாடி வாழ்ந்த தொல்குடியினரான சான் மக்கள் வரைந்த பாறை ஓவியங்கள் வெயிலிலும் மழையிலும் அழிந்துவருகின்றன என்று படித்தேன். அவற்றைப் பெயர்த்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடக் கூடாதா?

பதில்: அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கிழக்கு கேப் பகுதியிலுள்ள லிண்டன் என்ற பண்ணையிலிருந்து 1917இல் ஓவியப் பாறைகளை வெட்டியெடுத்துக் கேப் டவுன் அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள்; அவற்றில் காணப்படும் மனித உருவத்தைத் தழுவி வரைந்ததுதான் இன்றைய தென்னாப்பிரிக்க அரசுச் சின்னத்தின் நடுவிலுள்ள உருவம். ஆனாலும் இந்த வழியை நான் ஏற்க மாட்டேன்; பாறையை மட்டும் காப்பாற்றினால் ஓவியத்தின் பொருள் பிழைக்காது. டிராகன்ஸ்பெர்க் மலையில் கேம் பாஸ் என்ற பாறைக் குடைவிலுள்ள ஓவியத்தில் ஈலண்டு என்னும் பெரிய மான் ஒன்று தலை தாழ்ந்து, பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளச் சாகும் நிலையில் நிற்கிறது. அதன் வாலைப் பற்றியிருக்கும் மனிதனின் கால்களும் அதேபோலப் பின்னியிருக்கின்றன. பார்த்த மாத்திரத்தில் வேட்டைக் காட்சி என்றே தோன்றும். சன்னதம் கொண்ட சடங்கு மருத்துவர் ஒருவர் மானின் ஆற்றலைத் தம்முள் வாங்கிக்கொள்ளும் காட்சி இது என்று பாறை ஓவிய ஆய்வாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் விளக்கினார். அவருக்குக் கைகொடுத்தவை 1870களில் மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக்கும் அவருடன் பணிபுரிந்த லூசி லாய்டும் கேப் டவுனில் குறித்துவைத்த சான் மக்களின் கதைகள். அவற்றைச் சொன்ன காபோ போன்றவர்கள் சிறைக்கைதிகளாக அங்கே கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் பேசிய மொழி இன்று வழக்கில் இல்லை. கதையும் மொழியும் மறைந்தால், நிறம் மங்காத ஓவியமும் ஊமையாகிவிடும். ஆகவே அழிவின் விளிம்பிலுள்ள நூ என்ற சான் மொழியை அப்பிங்டன் நகரில் குழந்தைகளுக்குக் கற்றுத்தந்த கத்ரீனா ஈசாவின் பணியையும் ஓவியப் பாதுகாப்பாகவே நான் கருதுகிறேன்.

கால்நடை மேய்த்து வாழ்ந்த கோய் மக்களுடையவை என்று ஆய்வாளர் பலர் கருதும், விரலால் தீட்டிய வட்டங்களும் கோடுகளும் பார்வைக்கு எளியவை என்பதாலேயே கவனிப்பாரற்றுக் கிடப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: தண்ணீர் தெளித்தால் ஓவியம் பளிச்சென்று தெரியும் என்கிறார்களே, புகைப்படம் எடுப்பதற்காக அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தப் பளிச்சிடல் ஈரம் காயும் வரைதான். நனைந்து நனைந்து உலரும் பாறையில் உப்புப் படிந்து வண்ணம் மறைகிறது, செதில் செதிலாக உதிரவும் செய்கிறது. கை வைத்தால் தோலின் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி, அனுமதியின்றிப் பாறை ஓவியத்தைச் சேதப்படுத்துவதும் அகற்றுவதும் குற்றம். உள்ளூர் வழிகாட்டியுடன் செல்லுங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில், எட்ட நின்று, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள்.