கிராம சபைக்குப் போவதால் உண்மையிலேயே ஏதாவது நடக்குமா? ஓட்டுப் போடுவதைத் தவிர ஒரு சாதாரண ஆள் தன் ஊருக்கு வேறென்ன செய்ய முடியும்?

நடக்கும். ஆனால் கூட்டத்தில் எழுந்து சத்தமாகப் பேசிவிட்டு வந்தால் மட்டும் நடக்காது. அன்றைக்குத் தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. எங்கள் ஊர்க் கூட்டங்களுக்குப் பல வருஷமாகப் போய்வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கிராம சபையை மனு கொடுக்கும் நாள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள். நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்டு உள்ளே போகவில்லை, அது உங்கள் சபை. தேர்தல் தள்ளிப்போனால் தலைவர் இருக்கமாட்டார், வார்டு உறுப்பினர் இருக்கமாட்டார், கிராம சபை மட்டும் இருக்கும். 2016 கடைசியிலிருந்து 2019 கடைசி வரை தமிழ்நாட்டு ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில்தான் இருந்தன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோது திரும்பவும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஊர் சார்பாகச் சட்டப்படி பேசக்கூடிய சபை இது ஒன்றுதான்.

கூட்ட நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சில சமயம் தேதி மாறும், தெரிந்துகொண்டு போங்கள்.

இனி பதிவேட்டு விஷயம். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் குறைந்தபட்ச வருகை வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேலே என்றால் 300 பேர். இந்த எண்ணிக்கையைக் காட்டுவதற்காக எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை உட்காரவைத்து, வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிவிடுவார்கள். தீர்மானம் எழுத வேண்டிய பக்கங்கள் அப்போது காலியாக இருக்கும். கூட்டத்தில் பேசியது ஒன்று, சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியது வேறொன்று. அடுத்த கூட்டத்தில் போய் "போன தடவை சொன்னோமே" என்று கேட்டால், "அப்படி எதுவும் பதிவாகவில்லையே" என்று பதில் வரும்.

இது மாறியது ஒரு சின்னப் பழக்கத்தால். மகளிர் குழுப் பெண்கள் சிலர், தீர்மானத்தை எழுதி வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அலுவலரான பற்றாளருக்கும் அதை மறுக்க வழியில்லை. அங்கேயே எழுதி, வாசித்து, பிறகு கையெழுத்து. அந்தப் பக்கத்தை ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். சண்டையில்லை, கோஷமில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் கூட்டத்தின் தன்மையே வேறு.

இன்னொன்று, கூட்டம் எங்கே நடக்கிறது என்பது. எங்கள் ஊரில் வெகுகாலம் கோயில் முன்மண்டபத்தில்தான் நடந்தது. காலனி ஜனங்கள் ஓரமாக வந்து நின்றுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மதச்சார்புள்ள வளாகத்தில் கூட்டம் நடத்தக்கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று அரசு அறிவுறுத்தல்களிலேயே இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டபின், ஒரு மே தினக் கூட்டம் காலனிப் பள்ளிக்கூட வளாகத்தில் நடந்தது. அன்றைக்கு ஒரு வயதான அம்மா எழுந்து செயலரைப் பார்த்து, "தம்பி, எங்க தெருவுக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள மோட்டாரை நிறுத்திடுறாங்க. மேட்டுத் தெருவுல வாய்க்கால்ல ஓடுது, எங்க குழாயில காத்துதான் வருது" என்றார். டேங்க் ஆப்பரேட்டரும் அங்கேதான் இருந்தார். கடைசித் தெருவுக்குத் தனியாக ஒரு கேட் வால்வு வைத்து, நேரம் பிரித்துத் தண்ணீர் விட்டால் போதும் என்று அவரே சொன்னார். புது போர் வேண்டாம், புது டேங்க் வேண்டாம். அது தீர்மானமாகி, வால்வும் வந்தது. அந்த அம்மா எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். இதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஓர் இடம் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

"சரி, பெரிய விஷயங்களில் எடுபடுமா?" என்று கேட்பீர்கள். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் வேதாந்தா நிறுவனத்துக்காகப் பாக்சைட் தோண்டும் திட்டம் வந்தபோது, கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னது. கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டம் துணைக்கு இருந்தது. நம் பக்கத்தில் மேலூர் அரிட்டாபட்டி. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2024 நவம்பரில் அந்த வட்டாரக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. அதோடு விடாமல் மக்கள் தெருவில் இறங்கினார்கள், டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஏகனாபுரம் மக்களோ பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2022 ஆகஸ்டிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போட்டும் அரசு திட்டத்தைக் கைவிடாமல் முன்னே கொண்டுபோனது. அதனால் தீர்மானம் போட்டாலே எல்லாம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அது இல்லாமல் நீதிமன்றத்திலோ சட்டமன்றத்திலோ "ஊர் இதைத்தான் சொன்னது" என்று காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது.

போகும் முன் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிவம் 30இல் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டமும் பணம் கொடுத்த விவரமும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. "தண்ணீர் வசதிக்கு ஃபண்ட் இல்லை" என்று சொன்னால், அந்தப் பணம் எந்த வேலைக்குப் போனது என்று பெயரோடு கேட்க இது உதவும். பொத்தாம்பொதுவாக "ஊழல்" என்று கத்தினால் எல்லாரும் கத்துவார்கள், கூட்டம் கலைந்துவிடும். "இந்தத் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டதாகக் கணக்கு இருக்கிறது, ரோடு எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, பதிவேட்டை நேரில் பார்வையிடவே கேட்கலாம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை இருக்கிறது. கிராம சபை அளவுக்கு அது இன்னும் வேர்பிடிக்கவில்லை, என் அபிப்பிராயத்தில் அதற்குக் காரணம் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாதது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று கேளுங்கள். தனியாகப் போகாமல் உங்கள் தெருவிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதில் பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். தண்ணீர் வரும் நேரமும் வராத நேரமும் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.