புவெப்லாவின் ‘இளவரசி’

அன்புள்ள ஐயா,

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு மெக்சிகோவின் புவெப்லாவுக்கு மூன்று நாள் போகிறோம். நீங்கள் போய்வந்தவர். எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம்? இந்திய உணவகம் உண்டா? அந்த ஊர்க் கதைகளில் வரும் ‘சீனா போப்லானா’ (புவெப்லாவின் சீனப்பெண்) உண்மையில் ஓர் இந்திய இளவரசி என்று படித்தேன். பெருமையாக இருந்தது.

க., டாலஸ்

அன்புள்ள க.,

ஊர் நடுவில் இருக்கும் சோகலோ சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கே அறை கிடைத்தாலும் சரி. முற்றத்தைப் பார்த்த அறையாகக் கேளுங்கள். தெருப்பக்கம் தூங்க முடியாது. ஊர் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஸ்வெட்டர் வேண்டும்.

இந்திய உணவகத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன். மூன்று நாள் சாம்பார் இல்லாமல் யாரும் செத்ததில்லை. கார்மென் சந்தையில் செமிதா சாப்பிடுங்கள். எள் தூவிய ரொட்டியைப் பிளந்து, பொரித்த இறைச்சி, வெண்ணெய்ப்பழம், நூல் நூலாகப் பிய்த்த பாலாடைக்கட்டி, சிப்போட்லே மிளகாய் எல்லாம் அடுக்கி, கடைசியில் பாபலோ என்றொரு கீரையைச் செருகுவார்கள். கொத்தமல்லிக்குக் கோபம் வந்தால் அந்த வாசனைதான் அடிக்கும். மாதுளை முத்து தூவிய, உள்ளே அடைத்த மிளகாயான சீலெஸ் என் நொகாதா ஆகஸ்ட், செப்டம்பர் பண்டம். டிசம்பரில் யாராவது நீட்டினால் ஏமாறாதீர்கள்.

1646இல் தொடங்கிய பாலாபோக்ஸ் நூலகம், சாந்தோ தொமிங்கோ கோயிலின் தங்க வேலைப்பாடு, பக்கத்தூர் சோலூலாவில் மண்மூடிக் குன்றாகக் கிடக்கும் பிரமிடு. இதையெல்லாம் உங்கள் கைபேசியே சொல்லிவிடும்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. எதில் ஐயா பெருமை?

அந்தப் பெண்ணைச் சிறுவயதிலேயே போர்த்துக்கீசியர் பிடித்தார்கள். கொச்சி வழியாக மணிலாவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அங்கிருந்து கப்பலில் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகம். புவெப்லாவில் ஒரு வணிகர் வீட்டில் அடிமையாக வேலை பார்த்தார். ஞானஸ்நானத்தில் கொடுத்த பெயர் கத்தரினா தே சான் ஹுவான். ‘சீனா’ என்று சொன்னது சீனாக்காரி என்பதால் அல்ல. மணிலாக் கப்பலில் வந்த ஆசிய அடிமைகள் எல்லோருமே அவர்களுக்குச் ‘சீனர்’தான். 1688இல் இறந்தார். அவருடைய பாவசங்கீர்த்தனம் கேட்ட பாதிரியார் மூன்று தொகுதியாக வாழ்க்கை வரலாறு எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணை மன்றம் அதைத் தடை செய்தது. அரச குலத்துப் பெண் என்ற கதையெல்லாம் அந்த மாதிரிப் புண்ணியக் கதைகளில் வருவது. அவர் பெயரோடு ஒட்டிவைத்த பூவேலைப் பாவாடையும் பிற்காலத்து உடைதான்.

இளவரசியாகவே இருந்திருக்கட்டும். இல்லாவிட்டால் நமக்கு அவர் வேண்டாமா? விற்கப்பட்ட ஒரு குழந்தைக்காக வருத்தப்படுவதற்கு முன்னால் அப்பன் யார், குலம் என்ன என்று விசாரிக்கிறோமே, இந்தப் புத்தி நம்மோடு கடல் தாண்டியும் வருகிறது.

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரியும். இயேசு சபைக் கோயிலில், அவர் அடக்கமான இடத்தில், வழிகாட்டி என்னைப் பார்த்து “இந்தியாவா? பிரின்செசா!” என்றான். நானும் ஏதோ பெண் வீட்டுக்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டினேன். அன்று ராத்திரி அறையில் படுத்தபோதுதான் உறைத்தது. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அந்தக் கோயில் சோகலோவிலிருந்து கொஞ்ச தூரம்தான். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். யார் என்று கேட்டால், உங்களைவிடச் சின்ன வயசில் விற்கப்பட்ட பெண் என்று சொல்லுங்கள்.

அப்புறம், சோலூலாவுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். உச்சியில் இருக்கும் மாதா கோயில்வரை நல்ல ஏற்றம்.