ஆஸ்பெஸ்டாஸ் நஷ்டஈடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா 1974 முதல் 1981 வரை அமெரிக்காவில், வர்ஜீனியாவிலுள்ள ஒரு தனியார் கப்பல் கட்டும் தளத்தில் பைப் ஃபிட்டராக இருந்தார். இப்போது மீசோதீலியோமா (பெரும்பாலும் நுரையீரலின் மேலுறையில் வரும் ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய்) என்கிறார்கள். 'ஆஸ்பெஸ்டாஸ் வேலை இன்சுலேஷன்காரர்களுடையது, நான் தொட்டதே இல்லை' என்கிறார். இத்தனை வருடம் கழித்து நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: முடியும். தொட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எஞ்சின் அறையில் ஒருவர் குழாய் உறையை ரம்பம் போட்டு அறுத்தால், அந்தத் தூசி அங்கிருந்த அத்தனை பேருக்கும் பொது. இருந்தாலும் அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஃபிளாஞ்சை (குழாய்களை இணைக்கும் வளையத் தட்டு) கழற்றியதும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கேஸ்கெட்டை (கசியாமல் இடையில் வைக்கும் தகடு) என்ன செய்வீர்கள்? 'சுரண்டி எடுத்து வயர் பிரஷ் போடுவோம்' என்பார். அந்தக் கால நீராவிக் குழாய் கேஸ்கெட்டுகளிலும் வால்வு பேக்கிங்கிலும் (வால்வு கசியாமல் அடைக்கும் திரி) ஆஸ்பெஸ்டாஸ் சர்வசாதாரணம். அவருக்குத் தெரியாமலே தொட்டிருக்கிறார்.

இந்த நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருடம் வரை ஆகும். அதனால் காலக்கெடு 1981இலிருந்து ஓடாது. தனியார் தளங்களுக்குப் பொருந்தும் 1927ஆம் வருட லாங்ஷோர் சட்டப்படி (துறைமுக, கப்பல் தளத் தொழிலாளர் நஷ்டஈட்டுக்கான அமெரிக்கச் சட்டம்), நோய், அதற்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு, அதனால் வந்த இயலாமை மூன்றும் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. ஒரு வருடத்துக்குள் முதலாளிக்கு அறிவிப்பு (எல்.எஸ்.-201 படிவம்), இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் துறையில் கோரிக்கை (எல்.எஸ்.-203). பயாப்சி முடிவு வந்த தேதியை இன்றே குறித்து வையுங்கள். கடற்படையே நடத்திய தளம் என்றால் சட்டம் வேறு.

பல தளங்களில் வேலை பார்த்திருந்தால், கடைசியாகத் தூசி பட்ட தளமே முழுப் பொறுப்பு. பங்கு பிரிப்பது கிடையாது. அதனால் எந்த வருடம் எங்கே என்ற வரிசை முக்கியம். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் எஸ்.எஸ்.ஏ.-7050 படிவம் கொடுத்தால், முதலாளி பெயரோடு வருடவாரி சம்பளக் கணக்கு வரும். பயாப்சியில் எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசுவை ஆஸ்பத்திரி தூக்கி எறிந்துவிடாதபடி எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அப்பா தெம்பாக இருக்கும்போதே அவர் வாக்குமூலத்தை வக்கீல் வழியாக வீடியோவில் பதிவு செய்துவிடுங்கள். கப்பலின் பெயர், கேஸ்கெட் பெட்டியில் அச்சிட்டிருந்த பிராண்ட், கூட வேலை செய்தவர்கள் எல்லாம் அவர் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன.

கேள்வி: கேஸ்கெட் தயாரித்த கம்பெனி சமரசத் தொகை தருவதாகக் காகிதம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: பொறுங்கள். தயாரிப்பாளர் மீது தனியாக வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு உண்டு. 1973இல் போரெல் என்ற இன்சுலேஷன் தொழிலாளியின் வழக்கு திறந்துவிட்ட வழி அது. திவாலான கம்பெனிகளின் சார்பில் நஷ்டஈடு தர அறக்கட்டளைகள் இருக்கின்றன. 1982இல் திவால் மனு போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி ஜான்ஸ்-மான்வில்லின் அறக்கட்டளை 1988இலிருந்து இயங்குகிறது, ஆனால் கணக்கிட்ட தொகையில் சிறு சதவீதம்தான் கைக்கு வரும்.

பொறி வேறிடத்தில் இருக்கிறது. கையில் வரும் சமரசத் தொகை, லாங்ஷோர் சட்டப்படி அப்பாவுக்குச் சேர வேண்டிய நஷ்டஈட்டைவிடக் குறைவு என்றால், தளமும் அதன் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அதற்கு எல்.எஸ்.-33 படிவம். அது இல்லாமல் கையெழுத்துப் போட்டால் தவணையாக வரும் நஷ்டஈடு, மருத்துவச் செலவு இரண்டும் போய்விடும். தளம் இன்னும் பணமே கொடுக்க ஆரம்பிக்கவில்லை என்றாலும் இதே கதிதான் என்று 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தயாரிப்பாளர் வழக்கை ஒரு வக்கீலிடமும் லாங்ஷோரை இன்னொருவரிடமும் கொடுத்து, இருவரும் பேசிக்கொள்ளாமல் போகும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கிறது.

கேள்வி: அப்பாவின் வேலை உடுப்பை உதறித் துவைத்தது அம்மா. அவருக்கும் மூச்சு வாங்குகிறது.

பதில்: முதலில் நுரையீரல் சி.டி. எடுங்கள். அவர் தொழிலாளி இல்லை என்பதால் லாங்ஷோர் கிடையாது. மாநில நீதிமன்றத்தில்தான் வழக்கு. கப்பல் தளத் தொழிலாளியின் மகள் தொடர்பான வழக்கில், குடும்பத்தாரிடமும் முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்று வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஜார்ஜியா மாநிலத்தில் 2005இலேயே இல்லை என்றுவிட்டார்கள். உங்களுடையது வர்ஜீனியா என்பதால் கதவு திறந்திருக்கிறது.