கரிக்கோலுக்கு ஓபராவில் என்ன வேலை?

கேள்வி: தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் கரிக்கோலால் வரைபவர். அவர் மேலைநாட்டு இசைநாடகமான ஓபராவுக்கு மேடை அமைப்பது, பாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் படம் காட்டுவதுதானே? நல்லதொரு திரைச்சீலை போதாதா?
– ஓவிய மாணவி ஒருவர், கும்பகோணம்

பதில்: போதாது. ஓவியம் படிக்கும் நீங்களே "படம் காட்டுவது" என்று தள்ளிவிடலாமா? அவர் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். ஜோஹானஸ்பர்க்கில் அவருடைய பட்டறைச் சுவரில் ஒரு பெரிய தாள். அறையின் எதிர்ப்பக்கம் கேமரா. ஒரு கோடு இழுப்பார், நடந்துபோய் அதைப் படமெடுப்பார், திரும்பி வந்து அழிப்பார், சற்றுத் தள்ளி மறுபடி இழுப்பார். தாளை மாற்றுவதில்லை. எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் கோடு அசையும். எவ்வளவு தேய்த்தாலும் கரி முழுதாகப் போகாது. தாளில் ஒருவன் நடந்தால், அவன் வந்த வழியெல்லாம் சாம்பல் கறையாகத் தங்கிவிடும். நிறவெறி ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் மண்ணோடு மண்ணாக மறைவதை 1994இல் அவர் வரைந்து காட்டியதும் இப்படித்தான்.

போன ஸ்வரம் காதில் இருக்கும்போதே அடுத்த ஸ்வரம் வந்து சேர்கிற கலைக்கு இதைவிட ஏற்ற பொருள் உண்டா? நீங்கள் கேட்கும் திரைச்சீலை மூன்று மணி நேரமும் அசையாமல் தொங்கும்.

2005இல் பிரஸ்ஸல்ஸில் மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஓபராவை மேடையேற்றினார். இந்தப் புனித மண்டபத்தில் பழிவாங்கல் கிடையாது என்று கதையில் வரும் தலைமைக் குரு சராஸ்ட்ரோ நிதானமாகப் பாடும்போது, பழைய படச்சுருள் ஒன்று ஓடுகிறது: வேட்டைக்காரர்கள் காண்டாமிருகத்தைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். பகுத்தறிவே வழி என்று அறிவொளி பேசிய ஐரோப்பா ஆப்பிரிக்காவில் செய்ததை அந்தப் பாட்டின் நடுவிலேயே வைத்துவிட்டார். இதை அலங்காரம் என்று என்னால் ஏற்க முடியாது.

என் கணக்கில் உச்சம், 2017இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் வந்த 'வோட்செக்' ஓபரா. இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க் முதல் உலகப் போரில் படையில் இருந்த காலத்திலும் எழுதிய இசை அது. கென்ட்ரிட்ஜ் அந்தப் போரின் சிதைந்த நிலத்தைக் கரியால் எழுப்பினார். கதைநாயகனான ஏழைச் சிப்பாய் வோட்செக்கின் குழந்தையாக வருவது ஒரு பொம்மை. அதன் முகம் நச்சுவாயுக் கவசம். அப்பா, அம்மா இருவரும் இறந்த பிறகு மேடையில் மிஞ்சுவது அந்த முகம்தான்.

ஓர் இடத்தில் உங்கள் கோபம் நியாயம். 2015இல் கென்ட்ரிட்ஜ் மேடையேற்றிய 'லுலு' ஓபராவில் பெரிய பெரிய உருவங்கள் மேடையை அடைத்துக்கொண்டு பாடகியைப் பின்னுக்குத் தள்ளின. ஆனால் அதற்காகக் கரியைப் பழிக்காதீர்கள்; அந்தப் படங்களை அவர் வரைந்தது மையால்.